ராயக்கோட்டைக்காரர்களே, ஒரு நாவலுக்கு உதவி வேண்டும்

வணக்கம். எனக்கு ஊர் தர்மபுரி. முதல்முறையாக ஒரு துப்பறியும் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கதாநாயகியை ஒரு தோட்டத்து மோட்டார் ரூமில் 19 நாள் அடைத்து வைக்கிறார்கள். ஜன்னல் கிடையாது. கதவுக்கு அடியில் விரல் நுழையும் அளவு இடுக்கு, அவ்வளவுதான். காதில் விழுவதை வைத்தே அது எந்த ஊர் என்று அவள் கணக்குப் போடவேண்டும். பிறகு பழிவாங்கத் திரும்பி வருவதும் அந்தக் கணக்கை நம்பித்தான்.

முதலில் கிருஷ்ணகிரி டவுன் ஓரமாக வைத்து, நடுராத்திரி ரயில் கூவியது என்று எழுதிவிட்டேன். படித்துப் பார்த்த மாமா, "கிருஷ்ணகிரியில ஏதுப்பா ரயிலு?" என்று சிரித்தார். மானம் போயிற்று! இப்போது ராயக்கோட்டைக்கு மாற்றிவிட்டேன். சேலம்–பெங்களூரு ரயில் பாதை, தக்காளி மண்டி இரண்டும் அங்கே இருக்கிறதே.

ஸ்டேஷன் பக்கம் குடியிருப்பவர்கள் சொல்லுங்கள்: ராத்திரி கூட்ஸ் வண்டிச் சத்தம் எவ்வளவு தூரம் கேட்கும்? மண்டிக்குத் தக்காளி வண்டிகள் எத்தனை மணிக்கு வர ஆரம்பிக்கும்?

அப்புறம், அந்த ரூமில் ஒரு பை கேழ்வரகு மாவு கிடக்கிறது. பச்சைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தே நாளை ஓட்டினால் வயிறு தாங்குமா? அம்மாவிடம் கேட்டால், "களி கிண்டத் தெரியாதா அவளுக்கு?" என்கிறார். அடுப்பு ஏதும்மா அங்கே!

வக்கீல் நண்பர்களுக்கு ஒன்று. சம்பவம் நடப்பது 2023-ல், அவள் புகார் கொடுப்பது 2025-ல். இ.பி.கோ.வுக்குப் (இந்திய தண்டனைச் சட்டம்) பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 1.7.2024-ல்தான் அமலுக்கு வந்தது. அப்படியானால் எஃப்.ஐ.ஆரில் பழைய இ.பி.கோ. 344 (பத்து நாளோ அதற்கு மேலோ அடைத்து வைப்பது) தானே வரும்? கூடவே கடத்தல் பிரிவும் சேர்ப்பார்களா?

கமெண்டிலேயே சொல்லலாம். ஏழாவது அத்தியாயம் இதனால்தான் நிற்கிறது.