மறு: மேக்ரோவுக்குத் தமிழில் என்ன? 'மெய்யளவுப் படம்' என்று ஒரு முன்மொழிவு

அன்புள்ள அண்ணனுக்கும் இந்த இழையில் எழுதிவரும் அனைவருக்கும் வணக்கம். பூச்சி போன்ற சின்னஞ்சிறு பொருள்களை மிக அருகிலிருந்து பெரிதாக எடுக்கும் 'மேக்ரோ' ஒளிப்படத்துக்கு என்ன தமிழ்ப் பெயர் என்பதுதான் இங்கே பேச்சு. அண்ணனும் மற்றவர்களும் இதுவரை முன்வைத்த சொற்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு என் சொல்லுக்கு வருகிறேன்.

> 'நுண்படம்' என்றே வைத்துக்கொள்வோமே. சின்னதைத்தானே எடுக்கிறோம், சொல்லும் சின்னதாக இருக்கிறது.

அண்ணே, அந்தச் சொல் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. மைக்ரோஃபிலிமை நூலகத்தார் நுண்படம், நுண்படச்சுருள் என்கிறார்கள். நம் கோட்டையூரில் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த நூல்கள்தாம் 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாயின. பழந்தாள்களை அங்கே நுண்படச்சுருளில் ஏற்றிக் காத்தார்கள். ஒரு முழுப் பக்கத்தை நகக்கண் அளவுக்குச் சுருக்குவது நுண்படம். நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறான வேலை. செட்டிநாட்டிலிருந்து எழுதுகிற நான் அந்தச் சொல்லைப் பிடுங்கிப் பூச்சிக்குக் கொடுக்க மாட்டேன்.

குழப்பம் லென்ஸிலேயே தொடங்குகிறது. ஏனைய கம்பெனிகள் 'மேக்ரோ' என்று பொறிக்கும் லென்ஸில் நிக்கான் மட்டும் வெகுகாலமாக 'மைக்ரோ' என்று பொறித்துவந்தது. 1956இல் வந்த முதல் மைக்ரோ-நிக்கோர் நுண்படச்சுருள் வேலைக்கென்றே செய்யப்பட்டது. ஜப்பானியர் எழுதும் 'கான்ஜி' எழுத்துகளில் கோடுகள் நெருக்கமானவை, சுருக்கினால் அப்பிக்கொள்ளும். அதற்காகச் செய்த கூர்மை பின்னால் பூச்சி எடுப்பவர்களுக்குப் பயன்பட்டது. பெயர் அப்படியே நின்றுவிட்டது.

> 'பெரிதாக்கிய படம்' என்றால் எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். எங்கள் பக்கத்து வீடுகளின் முகப்பில் ஐயாவும் ஆச்சியும் சட்டத்துக்குள் இருப்பார்கள். ஏதோ கல்யாணத்தில் கும்பலாக எடுத்த படத்திலிருந்து முகத்தை மட்டும் பிரித்து ஸ்டுடியோவில் பெரிதாக்கியிருப்பார்கள். அது அச்சுப் போடும்போது நடக்கிற காரியம். மேக்ரோவோ, படம் எடுக்கும்போதே லென்ஸுக்குள் நடந்து முடிந்துவிடுகிறது.

'பூதப்படம்' எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பூதக்கண்ணாடி என்பது எந்தக் குழுவும் கூடி ஆக்காத, மக்களே வைத்த பெயர். அப்படியொரு சொல் இன்று நமக்கு வாய்க்காதா என்று ஏங்குகிறேன். ஆனால் கண்காட்சிப் பலகையில் 'பூதப்படம்' என்று எழுதினால் பிள்ளைகள் பேயைத் தேடுவார்கள்.

இனி அண்ணனின் 'பருவுருப் படம்'. 'மேக்ரோ' என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பெரியது என்ற பொருளில் 'பரு' சரிதான். ஆனால் எவ்வளவு பருமன்? இந்த வகைப் படத்துக்கு ஒரு திட்டமான அளவு உண்டு. பொருள் எவ்வளவோ அவ்வளவாகவே அதன் உரு கேமராவின் உணரியில் (ஒளியைப் பதியும் சில்லில்) விழவேண்டும், அதாவது 1:1. அதிலிருந்துதான் மேக்ரோ தொடங்குகிறது என்பது பழைய கணக்கு. ஆகவே என் முன்மொழிவு: மெய்யளவுப் படம்.

மெய் என்றால் உடம்பு, உண்மை. பூச்சியின் உடம்பளவே படத்தின் அளவு, அதுவே உண்மையளவும். இதைவிட எனக்குப் பிடித்தது, இது அலகாகவும் பயன்படுகிறது என்பது. 1:2 அரை மெய்யளவு, 2:1 இரு மெய்யளவு. 'பருவுரு'வை வைத்து இப்படி எண்ண முடியாது.

போன மழைக்குக் கானாடுகாத்தான் பக்கம் செம்மண் தரையில் பட்டுப்பூச்சி கிளம்பியிருந்தது. தம்பலப்பூச்சி, இந்திரகோபம், சங்கப் பாட்டில் மூதாய் எல்லாம் அதுதான். (எட்டுக் கால், உண்மையில் பூச்சியில்லை, சிலந்திக்கு உறவு.) 5 மி.மீ. நீளமுள்ள அது மெய்யளவில் உணரியிலும் 5 மி.மீ.தான். முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) உணரியின் அகலம் 36 மி.மீ.; ஏழில் ஒரு பங்குகூட நிரம்பாது. சிவந்த மயிரைத் தனித்தனியாகக் காட்ட மூன்று, நான்கு மெய்யளவு வேண்டும். மாறாக, ஊருணியில் பிடித்த 45 மி.மீ. அயிரையைக் குறுகலான கண்ணாடித் தொட்டியில் விட்டு எடுத்தபோது மெய்யளவில் தலையோ வாலோ வெட்டுப்பட்டது. முக்கால் மெய்யளவுக்கு வந்ததும் முழு மீனும் அடங்கியது. எடுத்த கையோடு தண்ணீரில் விட்டுவிட்டேன். சொல்லைக் கேட்டதும் கணக்குப் போட முடிகிறதே, அதற்காகத்தான் இவ்வளவு மன்றாடுகிறேன்.

வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தில் சங்குவளை நாரையின் கண்ணை நீண்ட லென்ஸால் கண்மாய்க்கு இக்கரையிலிருந்து எடுத்த படத்தையும் சிலர் மேக்ரோ என்று போடுகிறார்கள். நாரையின் கண் அங்கே மெய்யளவுக்கு எவ்வளவோ குறைவாகத்தான் விழுந்திருக்கும். அதற்கு 'அண்மைக் காட்சி' போதும். உடும்பு, ஓணான், மான் முகம் எல்லாவற்றுக்கும் அதுவே.

ஒரு தடை எனக்கே தெரிகிறது. எறும்பின் முகம் சுவர் முழுக்கத் தொங்கும்போது கீழே 'மெய்யளவுப் படம்' என்றிருந்தால் பார்ப்பவர் திகைப்பார். அளவு பார்க்க வேண்டிய இடம் உணரி, சுவரல்ல என்பதை ஒருமுறை சொல்லித்தான் ஆகவேண்டும். நான் படமெடுக்கக் கற்றுக்கொடுக்கும் பிள்ளைகளை முதலில் அடிக்கோலைத்தான் படமெடுக்கச் சொல்கிறேன். அகலவாக்கில் சரியாக 36 மி.மீ. கோடுகள் சட்டத்துக்குள் தெரிந்தால் மெய்யளவு. அதே கோலைச் சாய்த்து வைத்து எடுத்தால், லென்ஸின் துளையை எஃப் 8 அளவுக்குச் சுருக்கினால்கூட ஏறக்குறைய 1 மி.மீ. ஆழம் மட்டுமே தெளிவாக இருப்பதையும் கண்டுகொள்கிறார்கள். தட்டானின் கண் தெளிந்தால் இறக்கை மங்குவது ஏன் என்று பிறகு விளக்க வேண்டியிருப்பதில்லை.

ஆங்கிலத்திலும் இந்தப் பெயர் லேசில் அமையவில்லை. நுண்ணோக்கி வழி எடுப்பதிலிருந்து பிரித்துக்காட்ட, பத்து மடங்குக்கு உட்பட்டவற்றுக்கு 'ஃபோட்டோமேக்ரோகிராஃப்' என்று 1899இல் வால்ம்ஸ்லி என்பவர் பெயரிட்டார். அந்தப் பத்து மடங்கு எல்லையை நாமும் வைத்துக்கொள்ளலாம்: அதற்கு மேல் 'நுண்ணோக்கிப் படம்'.

அண்ணனிடம் இரண்டு கேள்வி. 2:1க்கு 'இரு மெய்யளவு' என்பதா, 'இரட்டை மெய்யளவு' என்பதா? லென்ஸை 'மெய்யளவு வில்லை' என்று எழுதலாமா, பிள்ளைகள் வாயில் வருகிறபடி 'மெய்யளவு லென்ஸ்' என்றே விட்டுவிடலாமா? எனக்குப் பின்னது சம்மதம்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து