பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள்கள்: உள்ளதைச் சொல்லத் தயங்கிய அனுபவங்கள்

திருமங்கலத்திலிருந்து:

கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் கணக்கராக இருக்கிறேன். பேரேட்டில் ஐந்து ரூபாய் உதைத்தாலும் இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து அதைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் எழுவேன். அப்படிப்பட்ட நான், என் சொந்த உடம்பின் கணக்கில் நான்கு ஆண்டுகள் பொய் எழுதிவந்தேன்.

2019இல் எனக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அந்த நாள் நெருங்கினால், இரண்டு நாள்களுக்கு முன்பே சோற்றை நிறுத்திவிட்டுக் கொள்ளுச் சுண்டலும் வெள்ளரிக்காயுமாக இருப்பேன். விடியற்காலையில் ரயில் நிலையம் வரை நடந்துவிட்டு வருவேன். மற்ற நாள்களில் மறந்துபோகும் மாத்திரைகள் அந்த இரண்டு நாள் மட்டும் வேளை தவறாமல் உள்ளே போகும். வெறும் வயிற்றில் 128 என்று தாளில் வரும். "பரவாயில்லையே, நன்றாகப் பார்த்துக்கொள்கிறீர்கள்" என்பார் மருத்துவர். வெளியே வந்ததும் நேராகப் பருத்திப்பால் வண்டிக்குப் போவேன்.

மருத்துவரை ஏமாற்றுவது என் நோக்கமன்று. நாற்பத்தாறு வயதில் ஒருவரிடம் திட்டு வாங்குவது கூச்சமாக இருந்தது. அந்த "பரவாயில்லையே" என்ற ஒரு சொல் வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடத்தைக் காலையில் அவசரமாக எழுதிக் காட்டியவனின் புத்தி அவ்வளவு எளிதில் போகாது போலும்.

2023இல் அந்த மருத்துவர் வேறு ஊருக்குப் போய்விட்டதால் புதியவர் ஒருவரிடம் சென்றேன். அவர் வழக்கமான பரிசோதனையுடன் ஹெச்பிஏ1சி பரிசோதனையும் எழுதிக்கொடுத்தார். இரத்தத்திலுள்ள சர்க்கரை, சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். அந்த அணுக்கள் ஏறத்தாழ 120 நாள்கள் உயிரோடிருப்பதால், கடந்த இரண்டு மூன்று மாதங்களில் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்பதை இந்தப் பரிசோதனை காட்டிவிடும். 5.7 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இயல்பு, 6.5 அல்லது அதற்கு மேல் சர்க்கரை நோய். எனக்கு 8.9 வந்திருந்தது. அவர் இரண்டு தாள்களையும் மேசையில் அருகருகே வைத்து, பேனா மூடியால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, "இது நேற்றைய கதை, இது மூன்று மாதக் கதை. எந்தத் தாளுக்கு மருந்து எழுதட்டும்?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. என்னால்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்போதும் நான் முழுவதையும் சொல்லவில்லை என்பதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன். உணவு விஷயத்தை ஒப்புக்கொண்டேன்; "மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்றபோது "ஆமாம்" என்றேன். மாத்திரை போதவில்லை என்று கருதிய அவர் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையின் அளவைக் கூட்டினார். அதே வாரம் பீரோவில் என் பனியன்களுக்கு அடியில் கிடந்த, பிரிக்காத மாத்திரை அட்டைகளை என் மனைவி எடுத்துக் கட்டிலில் பரப்பி எண்ணினாள். பதினொரு அட்டைகள். ஒன்றும் பேசாமல் அவற்றை ஒரு மஞ்சள் பையில் போட்டு, என்னையும் அழைத்துக்கொண்டு போய் மருத்துவரின் மேசைமேல் வைத்தாள். அவர் முதன்முறையாகக் கோபப்பட்டது அப்போதுதான். கூட்டிய அளவை நான் திடீரென்று ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கியிருந்தால், சர்க்கரை தாழ்ந்து வண்டி ஓட்டும்போதே மயங்கி விழுந்திருக்கக்கூடும் என்றார். பழைய அளவையே மறுபடி எழுதிக்கொடுத்தார்.

தஞ்சாவூரிலிருந்து:

மேலே எழுதியவர் மருத்துவரிடம் மறைத்தார். எங்கள் வீட்டில் மறைத்தது காப்பீட்டுப் படிவத்தில். என் கணவருடைய அண்ணன் மருத்துவக் காப்பீடு எடுத்தபோது, அவருக்கு அதற்கு முன்பே நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை இருந்தது. முகவர், "'இல்லை' என்றே போட்டுவிடலாம் சார், இல்லாவிட்டால் பிரீமியம் ஏறிவிடும்" என்று தாமே படிவத்தை நிரப்பினார். அண்ணன் கையெழுத்து மட்டும் போட்டார். இரண்டு ஆண்டு கழித்து ஒரு நள்ளிரவில் நெஞ்சுவலி என்று சேர்த்தோம். பணியிலிருந்த இளம் மருத்துவர் "சர்க்கரை எத்தனை வருடமாக இருக்கிறது?" என்று கேட்க, அண்ணன் மூச்சுவாங்கிக்கொண்டே "ஆறு வருடம்" என்றார். உயிருக்குப் பயந்த நேரத்தில் யாருக்கும் பொய் வாயில் வராது. அந்த ஒரு வரி அப்படியே டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏறியது. காப்பீட்டு நிறுவனம் அதையும் படிவத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கோரிக்கையை நிராகரித்துவிட்டது. ஸ்டென்ட் வைத்த செலவு 2,80,000 ரூபாயையும் நகையை அடகு வைத்துக் கட்டினோம். முகவர் அதன்பிறகு தொலைபேசியை எடுக்கவே இல்லை.

ஆறு மாதம் கழித்து எங்கள் குடும்பத்துக்குக் காப்பீடு எடுத்தபோது, எனக்கு இரத்த அழுத்தம் இருப்பதை நானே எழுதினேன். பிரீமியம் கூடியதுதான். முன்பே இருக்கும் நோய்க்கு, குறிப்பிட்ட காலம் வரை காப்பீட்டுத் தொகை கிடைக்காது என்ற காத்திருப்புக் காலமும் போட்டார்கள். 2024இல் வந்த விதிகளின்படி அது 36 மாதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. தொடர்ந்து 60 மாதம் கட்டிவிட்டால் மறைத்ததைக் காரணம் காட்டி மறுக்க முடியாதாமே என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. உண்மைதான், ஆனால் மோசடி என்று நிரூபிக்கப்பட்டால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. தவிர, அந்த 60 மாதமும் நோய் நம் வசதிக்காகக் காத்திருக்க வேண்டுமே. பாலிசியோடு நம் படிவத்தின் நகலும் வரும். அதைப் படித்துப் பாருங்கள், தவறு இருந்தால் உடனே எழுத்துமூலம் திருத்தச் சொல்லுங்கள்.

பேராவூரணிப் பக்கத்திலிருந்து, தற்போது திருப்பூரில்:

எங்கள் ஊர்ப்பக்கம் ஆடி மாதத்தில், ஊராருக்கும் உறவினருக்கும் விருந்து வைத்து மொய்ப்பணம் வாங்கும் மொய் விருந்து நடக்கும். வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்வதோடு அதற்கு மேலும் வைத்துச் செய்வதுதான் மரியாதை. 2020இல் சம்பளம் பாதியாகிவிட்டதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த இரண்டு ஆடியிலும் மனைவியின் மூன்று பவுன் சங்கிலியை அடகு வைத்து மொய் எழுதினேன். பந்தலில் மேசைக்கு முன்னால் நிற்கும்போது நான் திருப்பூரில் நன்றாக இருப்பதாகவே எல்லாரும் நினைத்தார்கள். வட்டி கட்டியது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்றாம் ஆண்டு, விருந்துக்குப் பத்து நாள் முன்பே மாமா வீட்டுக்குப் போய், "மாமா, கையில் காசில்லை. வாங்கினதை மட்டும் இப்போது செய்துவிடுகிறேன், மேல் வைக்க முடியாது" என்று சொன்னேன். அவர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். "சரிப்பா" என்று சொல்லிவிட்டு வெற்றிலைச் செல்லத்தைத் திறந்துகொண்டார். அடுத்து வந்த பொங்கல் வரை பேச்சு கொஞ்சம் குறைவாகவே இருந்தது. சங்கிலி மட்டும் அந்த ஆடியில் வீட்டிலேயே இருந்தது.

திருமங்கலத்திலிருந்து மீண்டும்:

இருவருக்கும் நன்றி. சென்ற மாதம் எனக்கு ஹெச்பிஏ1சி 7.4. இன்னும் இறங்க வேண்டும். மாத்திரை அட்டைகள் இப்போது அடுக்களையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கின்றன. போன முறை பரிசோதனைக்கு முந்தைய நாள் ஒரு வளைகாப்புக்குப் போய்க் கலவைச் சாதங்களையும் சர்க்கரைப் பொங்கலையும் சாப்பிட்டுவிட்டேன். மறுநாள் மருத்துவர் கேட்பதற்கு முன்பே அதைச் சொன்னேன். "எவ்வளவு?" என்றார். "இரண்டு கரண்டி" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி, "மூன்று" என்றாள்.