பொருள்: ‘சிப்டியூன்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

கோவை, திங்கள் காலை

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

2023ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மூவி’ என்னும் அசைவூட்டப் படத்தின் இசை பற்றிய கட்டுரை ஒன்றைச் சிற்றிதழ் ஒன்றுக்காக மொழிபெயர்த்து வருகிறேன். 1985ஆம் ஆண்டு வெளிவந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ வீடியோ விளையாட்டுக்குக் கோஜி கோண்டோ அமைத்த மெட்டுகளை எடுத்து, பிரையன் டைலர் படத்தில் பெரிய வாத்தியக் குழுவுக்கு விரித்து எழுதியிருக்கிறார். மூல மெட்டுகள் ‘சிப்டியூன்’ வகை, அதாவது பழைய விளையாட்டுக் கருவிகளின் ஒலிச்சில்லு (சிப்) எழுப்பும் இசை. அச்சொல் கட்டுரையில் பதினோரு இடங்களில் வருகிறது.

அன்றைய நின்டெண்டோ கருவியின் ஒலிச்சில்லுக்கு ஐந்தே குரல்கள்: சதுர அலைக்கு இரண்டு, முக்கோண அலைக்கு ஒன்று, இரைச்சலுக்கு ஒன்று, பதிவு செய்த ஒலித்துணுக்குக்கு ஒன்று. மாரியோ குதிக்கும் ஒலிக்கும் இவற்றில் ஒன்றைத்தான் கடன் வாங்க வேண்டும் என்பதால், அவன் தாவும்போதெல்லாம் இசையின் ஒரு குரல் கணநேரம் அடங்கி வழிவிடும். வாத்தியக் குழுவில் அப்படி யாரும் யாருக்காகவும் வாயடைத்திருக்க வேண்டியதில்லை. கட்டுரையின் வாதமே இந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது. ‘சில்லிசை’ என்று எழுதி வைத்திருக்கிறேன். தகுமா?

தஞ்சாவூர், திங்கள் இரவு

சொல் செவிக்கு இனிதாகவே இருக்கிறது. ‘சில்லு’ என்பதன் ஈறு முற்றியலுகரம். ஆயினும் ‘முற்றும் அற்று ஒரோவழி’, அதாவது உயிர் வரும்போது குற்றியலுகரம் கெடுவதுபோல் முற்றியலுகரமும் சிலவிடத்துக் கெடும் என்று நன்னூலார் இடம் கொடுத்திருப்பதால் ‘சில்லிசை’ என்னும் புணர்ச்சியில் பிழை காண முடியாது. இதையே சில் + இசை என்று பிரித்தால் ‘சிலவாகிய ஒலிகளால் ஆன இசை’ என்றும் பொருள்படும். ஐந்தே குரல் என்ற தங்கள் விளக்கத்துக்கு அதுவும் ஒத்துவருகிறது. சிள்வண்டைச் ‘சிள்வீடு’ என்ற சங்கப் புலவர்கள் சதுர அலையைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்கிறேன். சில்லுக்கும் சிள்ளுக்கும் வேர் ஒன்றுதானா என்று தனி மடல் ஒன்று எழுத எண்ணம்.

சென்னை, செவ்வாய்

ஐயா, வேர் ஆராய்ச்சி வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஆகட்டும். தொண்ணூறுகளில் தொலைக்காட்சியில் கேசட் செருகி ஆடிய என் தம்பியிடம் கேட்டேன். ‘டிவி கேம் மியூசிக்கா?’ என்று உடனே புரிந்துகொண்டான். ‘சில்லிசை’ என்றதற்குக் கச்சேரியா என்று கேட்டான். படிப்பவர் அவனைப் போன்றவர் என்றால் ‘சிப்டியூன்’ என்றே எழுதிவிடுவது நேர்மை. ராகத்துக்கும் தாளத்துக்கும் வேறு பெயர் வைத்துவிட்டுக் கேளுங்கள் என்று நாம் யாரையும் வற்புறுத்துவதில்லையே.

மதுரை, செவ்வாய்

டிவி கேம் இசை வேறு, இது வேறு, அம்மா. இன்றைய விளையாட்டுகளில் முழு வாத்தியக் குழுவே வாசிக்கிறது. விளையாட்டே இல்லாமல் பழைய ஒலிச்சில்லைக் கொண்டு இசையமைப்பவர்களும் இருக்கிறார்கள். பெயர் கருவியைச் சுட்ட வேண்டும், பயனை அல்ல. தவிரவும், ஓட்டுச் சில்லைக் கட்டத்தில் எறிந்து நொண்டியடித்து ஆடும் ஆட்டத்துக்கு எங்கள் தெருவில் சில்லு என்றே பெயர். கட்டம் கட்டமாகத் தாவும் மாரியோவுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்?

யாழ்ப்பாணம், புதன்

எல்லோரும் தமிழ்நாட்டுச் சில்லையே பேசுகிறீர்கள். எங்களுக்குச் சில்லு என்றால் சைக்கிள் சில்லு, வண்டிச் சில்லு. ‘சில்லிசை’ என்று வாசித்ததும் எண்ணெய் விடாத சில்லின் கிறீச்சொலிதான் காதில் கேட்டது. ‘பொறியிசை’ என்று வைத்தால் இரு கரையிலும் விளங்கும்.

தஞ்சாவூர், புதன் இரவு

யாழ்ப்பாணத்து நண்பரின் தடை நியாயமானது. நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஆனால் ‘பொறியிசை’ என்றால் மின்னணு இசை முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். நூறு ஒலிகளை ஒருசேர எழுப்பும் கருவியும் பொறிதான். ஐந்துக்கு மேல் எழுப்ப இயலாத இந்த ஏழ்மை அச்சொல்லில் இல்லை. பொறிக்குக் கண்ணி என்ற பொருளும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுகிறேன்.

யாழ்ப்பாணம், வியாழன்

சொல்லிவிட்டீர்கள், ஐயா. வட்டமாய் உருளும் பொருளைத் துண்டு என்று நம்பச் சொல்வதைவிடக் கண்ணி பரவாயில்லை. பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், என் மாறுபாடு பதிவில் இருக்கட்டும்.

கோவை, வெள்ளி மதியம்

அனைவருக்கும் நன்றி. முதல் இடத்தில் ‘சிப்டியூன் எனப்படும் சில்லிசை’ என்றும், மற்றப் பத்து இடங்களில் ‘சில்லிசை’ என்றும் எழுதி அனுப்பிவிட்டேன். ஈழத்து வாசகர்களுக்காக, இங்கே சில்லு சக்கரத்தைக் குறிக்கவில்லை என்று அடிக்குறிப்பும் இட்டிருக்கிறேன்.

கோவை, அடுத்த புதன்

மெய்ப்பு வந்திருக்கிறது. பிழைதிருத்தியவர் பதினோரு இடங்களிலும் ‘சில்லிசை’யை ‘மெல்லிசை’ ஆக்கிவிட்டார். அடிக்குறிப்பை மட்டும் தொடவில்லை. ஆகவே மெல்லிசையில் வரும் சில்லு சக்கரம் அன்று என்று இப்போது அங்கே இருக்கிறது. திருத்தத்தை நாளைக் காலைக்குள் அனுப்ப வேண்டும். சென்னை அம்மா, உங்கள் தம்பியிடம் இன்னொரு முறை கேட்க முடியுமா?