ஆயில் மாத்துன மறுநாள்ல இருந்து கியர்பாக்ஸ் வழுக்க ஆரம்பிச்சது – வால்பாறை ரோட்டுல எங்களுக்கு நடந்தது

வணக்கம்ங்க. நாலு மாசமா எழுதணும்னு நெனச்சது, இன்னைக்குத்தான் உக்காந்தேன். நீளமா போகும், பொறுத்துப் படிங்க.

வண்டி 2016 க்ரெட்டா 1.6 டீசல் ஆட்டோமேட்டிக், டார்க் கன்வர்ட்டர் டைப் (இன்ஜின் சுத்தறத ஆயில் வழியா கியர்பாக்ஸுக்குக் கடத்தறது), ஆறு கியர். நான் செகண்ட் ஓனர். 84,000 ஓடியிருந்தப்ப கியர்பாக்ஸ்ல ஒரு குறையும் கெடையாது, கியர் மாறறதே தெரியாது. பழைய ஓனர் கியர் ஆயில் மாத்துனாரா இல்லையான்னு ஒரு பில்லும் இல்ல, வால்பாறைல மாமனார் வீடு, மாசத்துக்கு ஒருக்கா மலை ஏறி எறங்கற வண்டி, அதனால மாத்திட்டா நல்லதுன்னு நானாத்தான் முடிவு பண்ணேன்.

கோயமுத்தூர்ல ஆறேழு வருசமா பழக்கமான ஒர்க்‌ஷாப்புக்கே போனேன். பேர் போடல, கேக்காதீங்க. பிரேக், சஸ்பென்ஷன் எல்லாம் சுத்தமா செய்வாங்க, அந்த நம்பிக்கைதான். வண்டி சூடா இருக்கறப்பவே லிஃப்ட்ல ஏத்தி, ஆயில வடிக்கற ட்ரெயின் போல்ட்ட கழட்டுனாங்க. "இதுல பாதிதான் சார் வரும், கூலர் பைப்பையும் கழட்டி விட்டா இன்னும் கொஞ்சம் பழசு வந்துரும்"னு சொல்லி அதையும் செஞ்சாங்க. எவ்ளோ வந்துச்சுன்னு யாரும் அளக்கல, நேரா பழைய ஆயில் ட்ரம்முல ஊத்திட்டாங்க. அப்பறம் நாலு கேன், நாலு லிட்டர், இன்ஜின் ஆஃப்ல இருக்கறப்பவே ஊத்தி மூடியாச்சு. இந்த கியர்பாக்ஸ்ல டிப்ஸ்டிக் கெடையாதுங்க. லெவல் பாக்கறதுக்குன்னு தனியா ஒரு போல்ட் இருக்கு, அது இருக்குங்கறதே அன்னைக்கு எனக்குத் தெரியாது. பில் வேணும்னா 18 பர்சன்ட் சேரும்னாங்க, வேண்டாம்னு சொல்லி 5,200 ரூவாய கையில குடுத்துட்டு வந்துட்டேன்.

மறுநாள் காலைல ஸ்டார்ட் பண்ணி ரிவர்ஸ் போட்டா வண்டி அசையல. ரெண்டு மூணு செகண்ட் கழிச்சு டொக்குனு ஒரு இடி, அப்பறம்தான் நகருது. டி போட்டாலும் அப்படியே. ரோட்டுல ரெண்டுல இருந்து மூணுக்குப் போறப்ப ஆர்பிஎம் மட்டும் உய்யுன்னு ஏறிட்டு அப்பறம் கியர் விழும். இன்ஜின் சூடானதும் கொஞ்சம் சரியான மாதிரி இருக்கும். ஃபோன் பண்ணிக் கேட்டேன், "புது ஆயில் சார், செட் ஆக ஐநூறு கிலோமீட்டர் ஓடணும்"னாங்க. நான் அதை நம்புனேன். அந்த ஒரு வார்த்தைய நம்புனதுக்குத்தான் இன்னும் மனசு ஆறல, ஏன்னா அதை நம்பித்தான் அந்த சனிக்கிழமை அம்மா, மனைவி, எட்டு மாசக் கொழந்தைன்னு எல்லாத்தையும் ஏத்திட்டு மலைக்குக் கெளம்புனேன்.

ஆழியார் செக்போஸ்ட் தாண்டற வரைக்கும் ஒண்ணும் தெரியல. மொத்தம் 40 கொண்டை ஊசி, அஞ்சாவது வளைவுல திரும்பறப்ப மிதிக்கற மிதிக்கு ஆர்பிஎம் 3,500 போகுது, வண்டி மட்டும் நடக்கற வேகத்துல போகுது. ஏழாவதுல சுத்தமா பிடி விட்டுருச்சு. டி-லதான் இருக்கு, ஆக்சிலரேட்டர்ல கால் இருக்கு, வண்டி பின்னாடி உருளுது. பின்னாடி அரசு பஸ். பிரேக்க அழுத்திப் பிடிச்சிட்டேன், கை பூரா நடுங்குது, பின் சீட்டுல அம்மா முருகா முருகான்னு கூப்பிடறாங்க. பஸ் டிரைவர் அண்ணன் ரொம்பப் பொறுமையா நிறுத்தி, கண்டக்டர எறக்கி விட்டு கல்லு வெக்கச் சொன்னார். அவங்க ரெண்டு பேருக்கும் நான் கடமைப்பட்டிருக்கேன். கொஞ்சம் ஆற விட்டு எப்படியோ ஊர்ந்து ஒம்பதாவது வளைவு வியூ பாயின்ட்ல சேத்தேன். கதவத் தொறந்தா கருகுன வாடை. கீழ ஆழியார் டேம் தெரியுது, எப்பவும் அங்க வரையாட்டத் தேடிட்டு நிப்போம், அன்னைக்கு யாரும் வண்டிய விட்டு நகரவே இல்ல.

பொள்ளாச்சில இருந்து ரெக்கவரி வண்டி வர ரெண்டரை மணி நேரம். வந்தவர் பின்பக்கம் தூக்கி இழுத்துட்டுப் போறேன்னார். நான் விடல. இது முன் சக்கரம் சுத்தற வண்டி, இன்ஜின் ஓடாதப்ப கியர்பாக்ஸ் பம்ப் ஓடாது, ஆயில் உள்ள சுத்தாது, அப்படி இழுத்தா மிச்சம் இருக்கறதும் போயிரும். முன் சக்கரம் ரெண்டும் தரையில படாம தூக்கித்தான் எறக்குனோம்.

பொள்ளாச்சில ஆட்டோமேட்டிக் வேலை மட்டும் பாக்கற ஒருத்தர்கிட்ட விட்டேன். அவர் மொதல்ல ஸ்பேனர எடுக்கல, வண்டி கம்ப்யூட்டர் சொல்றதப் படிக்கற ஸ்கேனர மாட்டுனார். வண்டிய லெவலா தூக்கி, இன்ஜின ஓட விட்டு, கியர் லீவர பி, ஆர், என், டின்னு ஒவ்வொண்ணுலயும் கொஞ்ச நேரம் நிறுத்தி, ஆயில் சூடு 50-க்கும் 60-க்கும் நடுவுல வந்தப்ப அந்த லெவல் போல்ட்ட கழட்டுனார். சரியான அளவுன்னா நூல் மாதிரி ஒழுகணுமாம். ஒரு சொட்டு வரல. மேல ஊத்த ஊத்த, ஒன்றரை லிட்டர் போனதுக்கு அப்பறம்தான் கீழ ஒழுக ஆரம்பிச்சுது. ஏழு லிட்டர் பக்கம் புடிக்கற கியர்பாக்ஸ்ல ஒன்றரை லிட்டர் கம்மி. ஒர்க்ஷாப்ல ஊத்துன ஆயிலோட காலி கேன் ஸ்டெப்னி பக்கத்துல கெடந்துச்சு, எடுத்துக் காட்டுனேன், ஆயில் வகை எஸ்பி-3ன்னு போட்டிருந்துச்சு. அது பழைய நாலு கியர் பாக்ஸுக்கு, இதுக்கு எஸ்பி-4 தான்னார்.

அவர் சொன்னது எனக்குப் புரிஞ்ச வரைக்கும் இதுதான். ஆயில் கம்மியா இருந்தா பம்ப் ஆயிலோட சேத்துக் காத்தையும் உறிஞ்சும், நுரை கட்டும், நுரையில பிரஷர் நிக்காது, பிரஷர் இல்லாட்டி உள்ள இருக்கற கிளச்சுக புடிக்காம வழுக்கும். காலைல ஆயில் ஆறிச் சுருங்கி இருக்கறதால ரிவர்ஸ் லேட்டா விழுந்துச்சு. மேட்டுல, வளைவுல ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கிரும், அதனாலதான் ஊருக்குள்ள சமாளிச்ச வண்டி மலையில கை விட்டுருச்சு. வழுக்கற கிளச்சு சூடாகும், அந்தச் சூடுதான் கருகுன வாடை. அதாவது ஐநூறு கிலோமீட்டர் ஓட்டுங்கன்னு சொன்ன ஒவ்வொரு கிலோமீட்டரும் கிளச்ச தேய்ச்சிருக்கு.

எஸ்பி-4 ஊத்தி, ஓட்டி, எறக்கி, மறுபடி ஊத்தின்னு மூணு தடவை. அப்பறம் ஸ்கேனர்ல கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் கத்துக்கிட்டிருந்த பழைய கணக்க அழிச்சு, அவரே பக்கத்துல உக்காந்து ஓட்ட வெச்சார். 19,000 ஆச்சு. இதே மாதிரி யாருக்காச்சும் நடந்திருந்தா எழுதுங்க.

*

அண்ணா, படிக்கும்போதே பதறிடுச்சு. குழந்தைக்கு ஒண்ணும் ஆகலயே, அதுவே போதும். எங்க வீட்ல நடந்தது இன்னும் கொடும, கியர் ஆயில் மாத்தவே போகல. அப்பாவோட ஹோண்டா சிட்டி சிவிடி (தனித்தனி கியர் இல்லாம பெல்ட்ல ஓடற ஆட்டோமேட்டிக்), தாம்பரம் பக்கத்துல ஒரு கடைல இன்ஜின் ஆயில் மாத்தக் குடுத்தாங்க. வேலைக்குப் புதுசா வந்த பையன் போல, இன்ஜின் ட்ரெயின் போல்ட்டுக்குப் பதிலா கியர்பாக்ஸ் போல்ட்ட கழட்டிட்டான். ரெண்டும் பாக்கவே வேற வேற, இன்ஜினுது சாதாரண ஸ்பேனர் போடுற போல்ட், கியர்பாக்ஸுது நடுவுல சதுரக் குழி, அதுல ராட்செட்டோட முனையே நேரா உக்காரும். சிவிடி ஆயில் கீழ போச்சு, இன்ஜின்ல ஏற்கனவே இருந்த மூணரை லிட்டர் மேல இன்னொரு மூணரை லிட்டர் ஊத்திட்டாங்க. அப்பா ரெண்டு கிலோமீட்டர் கூடப் போகல, பின்னாடி ஒரே புகை, முன்னாடி உய்ய்யுனு சத்தம், அப்புறம் வண்டி நின்னுடுச்சு. அப்பாக்கு அறுபத்தெட்டு வயசு, ஜிஎஸ்டி ரோட்ல தனியா தள்ளிட்டு நின்னாங்க. டிப்ஸ்டிக் இழுத்துப் பாத்தா ஆயில் மேல் கோட்டத் தாண்டி எங்கயோ இருக்கு. நான் போய் அதையும் கீழ போல்ட்டையும் ஃபோட்டோ எடுத்துட்டு கடைக்குப் போனேன், ஓனர் மறுக்கல, அவர் செலவுலயே இன்ஜின் ஆயில் திரும்ப மாத்தி, சிவிடிக்குன்னே ஹோண்டா குடுக்கற எச்சிஎஃப்-2 ஆயில் ஊத்திக் குடுத்தாரு. வண்டி ஓடுது. ஆனா அறுபதுல போகும்போது ஒரு ரீங்காரம் கேக்குது, முன்னாடி அது இல்ல. காய்ஞ்சு ஓடுன அந்த ரெண்டு கிலோமீட்டர்ல பெல்ட்ல என்ன ஆச்சுன்னு யாராலயும் பிரிக்காம சொல்ல முடியல.

*

நான் திருச்சில பத்தொம்பது வருசமா கியர்பாக்ஸ் வேலைதான் பாக்கறேன். ரெண்டு விசயம் சொல்லணும்.

தங்கச்சி சொன்ன சிவிடில எச்சிஎஃப்-2க்குப் பதிலா மத்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊத்தற சாதாரண ஏடிஎஃப் ஆயில் ஊத்துனாக்கூட அதே கதிதான். அங்க இரும்பு பெல்ட்டும் இரும்பு புல்லியும் ஒண்ண ஒண்ணு கவ்வித்தான் வண்டி ஓடுது, அந்தக் கவ்வுதலுக்குன்னே செஞ்ச ஆயில் அது. "எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் இது ஓடும்"னு யாராவது கேன நீட்டுனா நான் தொடவே மாட்டேன்.

அதே சமயம் எல்லாப் பழியும் ஆயில் மாத்துனவன் மேல வராது. லட்சத்து அம்பதாயிரம் ஓடி, ஏற்கனவே வழுக்கற வண்டிய கொண்டாந்து ஆயில் மாத்துங்கன்னு நிப்பாங்க. மாத்துன மறுநாள் நின்னா நம்ம தலையில விழும். அதனால நான் அடியில இருக்கற ஆயில் தட்ட, அதான் சம்ப்ப, எறக்குனதும் வண்டிக்காரரக் கூப்பிட்டு உள்ள இருக்கற காந்தத்தக் காட்டிருவேன். சாம்பல் கலர்ல மை மாதிரி ஒட்டியிருந்தா அது சாதாரண தேய்மானம். மினுமினுன்னு செதில் செதிலா இருந்தா அது ஆயிலுக்கு அடங்காது, அப்பவே சொல்லிருவேன். மெஷின் வெச்சு பிரஷர்ல அடிச்சுக் கழுவறதையும் பழைய வண்டிக்கு நான் செய்யறதில்ல, எங்கயோ படிஞ்சு கெடந்த தூசி கெளம்பி, ஆயில எந்தக் கிளச்சுக்கு அனுப்பணும்னு பிரிச்சு விடற வால்வு பாடில போய் அடைக்கும்.

க்ரெட்டா தம்பிக்கு, எறக்குன ஆயில அளக்காம புதுசு ஊத்துனது மன்னிக்க முடியாத தப்பு. ஸ்கேனர் வாங்க காசு இல்லன்னு கூட ஒருத்தன் சொல்லலாம், அளவு ஜாடி எந்த ஒர்க்‌ஷாப்லயும் இருக்கும். எவ்ளோ வந்துச்சோ அவ்ளோ ஊத்தியிருந்தாலே நீங்க மலையில நின்னிருக்க மாட்டீங்க. பணம் கேட்டீங்களா?

*

கேட்டேன்ங்க அண்ணா. மொதல்ல "கியர்பாக்ஸ் ஏற்கனவே போயிருந்திருக்கும்"னாங்க. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போலாம்னு வக்கீல் நண்பர் ஒருத்தர்கிட்டக் கேட்டேன், ரெண்டு வருசத்துக்குள்ள போடலாம், இந்தத் தொகைக்கு ஃபீஸ் கூட இல்ல, நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்கு கூப்பிட்டாலும் புகார் எடுப்பாங்க, ஆனா வேலை அங்கதான் நடந்துச்சுங்கறதுக்கு உன்கிட்ட என்ன இருக்குன்னு கேட்டார். பில் இல்ல. பணம் கையில குடுத்தது, ஜிபே கூட இல்ல. கடைசில பொள்ளாச்சிக்காரர் லெவல் போல்ட் கழட்டறப்ப எடுத்த வீடியோவ அவங்களுக்கு அனுப்புனேன், ரெண்டு நாள் கழிச்சு 5,200 திருப்பிக் குடுத்தாங்க, மிச்சம் கெடையாது. பேசாம விட்டுட்டேன்னு சொல்ல மாட்டேன், ஆயில் ஊத்துன பையன்கிட்டயே நின்னு அந்த வீடியோவக் காட்டி, எங்க அளவு பாக்கணும்னு சொல்லிட்டு வந்தேன். அவன் கவனமாப் பாத்தான்.

தங்கச்சி, அந்த ரீங்காரத்த விட்டுறாதீங்க, அப்பா ஹைவேல போறதுக்கு முன்னாடி சிவிடி தெரிஞ்ச ஆள்கிட்டக் காட்டிருங்க.

போன வாரம் மறுபடி வால்பாறை போனோம், மொதல்ல நான் மட்டும் தனியா ஒம்பதாவது வளைவு வரைக்கும் ஏத்திப் பாத்துட்டுக் கீழ வந்து எல்லாத்தையும் ஏத்திக்கிட்டேன். நாற்பதும் ஏறிருச்சு. ரெண்டுல இருந்து மூணுக்குப் போறப்ப மட்டும் இன்னும் லேசா ஒரு இழுப்பு இருக்கு, 5,000 கிலோமீட்டர்ல திரும்ப எறக்கிக் காந்தத்தப் பாக்கலாம்னு சொல்லியிருக்கார்.