மறு: ஸ்கிராப்புக் – 'ஒட்டேடு' வேண்டாம், 'காப்பேடு' சரிவருமா?

வணக்கம்.

கடிதங்களையும் வாழ்த்து மடல்களையும் சேர்த்து வைக்கும் ஸ்கிராப்புக்குக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் 'ஒட்டேடு' என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது போலத் தெரிகிறது. சின்னச் சொல், வாயிலும் நன்றாக வருகிறது. ஆனாலும் வேண்டாம் என்கிறேன். அந்தச் சொல் செய்யச் சொல்வதைச் செய்துதான் நான் கடிதங்களை இழந்தேன்.

எங்கள் வீடு திருகோணமலை உவர்மலையில். அண்ணா வெளிநாட்டிலிருந்து அம்மாவுக்கு எழுதிய ஏரோகிராம்களை அல்பத்தில் ஒட்டி வைத்தேன். பக்கம் முழுக்கப் பசை தடவி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடியிருக்குமே, அந்த வகை அல்பம். ஏரோகிராம் என்பது உறையில்லாமல் மடித்தே அனுப்பும் விமானத் தபால் கடிதம், ஒரே தாள். உள்ளே இடம் போதாவிட்டால் மடிப்பின் பின்புறத்திலும் எழுதுவார்கள். அண்ணா எனக்கென்று எழுதும் இரண்டு வரி எப்போதும் அங்கேதான் இருக்கும். அந்த வரிகள் பசைக்குள் போய்விட்டன. மாரியில் தாள் ஈரம் வாங்கி விரியும், வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காய்ந்து சுருங்கும். சும்மா கிடக்கும் தாளுக்கு அதனால் பெரிய சேதமில்லை. ஒட்டிய தாள் நகர முடியாமல் நெளிந்து கிழிகிறது. செலோடேப் போட்ட இடங்கள் பழுப்பேறின.

காகிதம் பேணத் தெரிந்தவர்கள் மூலக் கடிதத்தில் பசை படவே விடுவதில்லை. அமிலமில்லாத தாளில் சிறு காகித முக்கோணங்களை ஒட்டி, கடிதத்தின் நான்கு மூலைகளையும் அவற்றுள் செருகுவார்கள். வேண்டும்போது எடுத்துப் பின்புறத்தையும் வாசிக்கலாம். உறையில் போடுவதென்றால் பொலியெஸ்டர் உறை. பிவிசி கூடாது, அது நாளாக ஆக அமிலம் விடும்.

மற்றப் பரிந்துரைகளுக்கு வருகிறேன். 'துணுக்கேடு' என்றால் சஞ்சிகைத் துணுக்குதான் நினைவுக்கு வரும். அம்மாவின் கடிதம் துணுக்கா? 'நினைவேடு' எங்கள் பக்கத்தில் இறந்தவரின் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் நினைவு மலர் போலத் தொனிக்கும். 'மடற்கோவை' அழகான சொல். ஆனால் இலங்கைக் கந்தோர்களில் (அலுவலகங்களில்) கோவை என்றால் ஃபைல். கையில் எடுத்ததும் இரண்டு துளை போட்டுவிடுவார்கள்.

நானே முதலில் 'செருகேடு' என்று எழுதி வைத்திருந்தேன். மகள் வாசித்துவிட்டு, "கேடு என்றுதானே அப்பா காதில் விழுகிறது" என்றாள். சரி, அதை விட்டேன்.

அப்புறம்தான் 'காப்பேடு' தோன்றியது. காப்பு + ஏடு. காப்பகம் என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் பொருள் உடனே பிடிபடும். பழைய நூல்கள் பல காப்புச் செய்யுளோடுதான் தொடங்கும், கையில் கட்டுவதும் காப்புத்தான். காப்பு என்ற சொல்லில் இருக்கும் பரிவு வேறு எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. காப்புறுதியோடு (இன்சூரன்ஸ்) குழம்புமோ என்று யோசித்தேன். வாக்கியத்தில் வைத்தால் குழப்பமில்லை: "அண்ணாவின் கடிதங்களைக் காப்பேட்டில் செருகி வைத்திருக்கிறேன்."

சினிமா நுழைவுச்சீட்டு, பத்திரிகை நறுக்கு எல்லாம் ஒட்டும் பிள்ளைகளின் புத்தகத்துக்கு 'ஒட்டேடு' இருந்துவிட்டுப் போகட்டும். கடிதத்துக்கு மட்டும் வேறு சொல் கேட்கிறேன். மலையகத்திலும் தமிழ்நாட்டிலும் இருப்பவர்களுக்குக் 'காப்பேடு' எப்படிக் கேட்கிறது, சொல்லுங்கள்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து