காகிதமே இல்லாத அலுவலகம் வரும் என்றார்கள்: நாங்கள் நான்கு பேர் பார்த்தவை

1975 ஜூன் மாதம் 'பிசினஸ் வீக்' இதழில் வருங்கால அலுவலகத்தைப் பற்றி ஒரு பெரிய கட்டுரை வந்தது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்துக்குத் தலைவராக இருந்த ஜார்ஜ் பேக் அதில் பேசியிருந்தார். இன்னும் 20 வருடத்தில் தன் மேசை மேல் விசைப்பலகையோடு ஒரு டிவி திரை இருக்கும், பொத்தானை அழுத்தினால் வேண்டிய கோப்பு திரைக்கு வரும், கடிதங்களும் அதிலேயே வந்து சேரும் என்றார். அப்படி ஒரு காலத்தில் அச்சடித்த தாள் தனக்கு எவ்வளவு தேவைப்படும் என்றே தெரியவில்லை என்றும் சொன்னார். அதே கட்டுரையில் ஆர்தர் டி. லிட்டில் ஆலோசனை நிறுவனத்தின் வின்சென்ட் ஜூலியானோ இன்னும் ஒரு படி மேலே போனார். 1980க்குள் அலுவலகக் காகிதம் குறையத் தொடங்கிவிடும், 1990க்குள் பதிவேடுகளில் பெரும்பகுதி மின்னணு வடிவத்துக்கு மாறிவிடும் என்பது அவர் கணிப்பு.

திரையைப் பற்றிச் சொன்னது அப்படியே பலித்தது. 1995இல் என் மேசை மேலும் ஒரு டெர்மினல் இருந்தது. ஆனால் காகிதம் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதை ஒரு வங்கிக் கிளைக்குள் இருந்தே பார்த்தவன் நான்.

80களின் தொடக்கத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிளையில் கிளார்க்காகச் சேர்ந்தேன். காசோலையை நீட்டினால் பித்தளை டோக்கன் கொடுப்போம். காசோலை லெட்ஜருக்குப் போகும். அங்கே பதிவு போட்டு ஒருவர் இனிஷியல் வைப்பார். அதிகாரி மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து பாஸ் பண்ணுவார். அதற்கப்புறம்தான் கேஷியர் டோக்கன் நம்பரைக் கூப்பிடுவார். மாலைக்குள் ஒரு காசோலையின் மேல் மூன்று நான்கு பேருடைய இனிஷியல் ஏறியிருக்கும்.

1983இல் வங்கி நிர்வாகங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இயந்திரமயமாக்கல் பற்றி ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. அப்புறம் கிளைகளுக்கு லெட்ஜர் போஸ்டிங் மெஷின்கள் வந்தன. ஏஎல்பிஎம் என்று கூப்பிடுவோம். கணக்கு மீதி திரையிலேயே தெரிந்தது, வட்டி தானே போட்டுக்கொண்டது, லெட்ஜர் புரட்டும் வேலை குறைந்தது. எல்லாம் சரி. ஆனால் அன்றைய பதிவுகள் முழுவதையும் மாலையில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அடிக்க வேண்டும். அதை வவுச்சரோடு ஒப்பிட்டு ஒவ்வொரு வரிக்கும் டிக் போட வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் அதிகாரி கையெழுத்துப் போட்டு, தேதி எழுதி, கட்டி ரெக்கார்டு ரூமுக்கு அனுப்ப வேண்டும். கையால் லெட்ஜர் எழுதிய நாளில் இவ்வளவு தாள் சேர்ந்ததில்லை. மெஷின் வந்த கொஞ்ச காலத்திலேயே ரெக்கார்டு ரூமில் நடக்க இடமில்லாமல் போனது.

பாலோ ஆல்டோவின் கதையும் ஏறக்குறைய இதுதான். காகிதம் குறையும் என்று சொன்ன அந்த மையத்தில்தான் கேரி ஸ்டார்க்வெதர் 1971இல் லேசர் பிரிண்டரை இயங்க வைத்தார். 1977இல் அதை ஜெராக்ஸ் 9700 என்று விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். வினாடிக்கு இரண்டு பக்கம் அடிக்கும் இயந்திரம் அது. எழுதுவதும் திருத்துவதும் திரையில் சுலபமாகச் சுலபமாக, அச்செடுப்பதும் சுலபமானது.

என் கிளையில் வெறும் தகவலுக்காக யாரும் பழைய வவுச்சரைத் தேடியதாக எனக்கு நினைவில்லை. பணம் குறைந்தால் தேடுவோம். தணிக்கையில் கேள்வி வந்தால், நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தால் தேடுவோம். யார் பாஸ் பண்ணியது என்று பார்க்கத்தான். அந்தத் தாள் கிடைத்துவிட்டால் ஒரு நல்ல ஊழியர் தப்பித்துவிடுவார். கிடைக்காவிட்டால் அவருடைய ஓய்வூதியமே சிக்கலாகிவிடும். இதைக் கண்ணால் பார்த்த ஒருவரிடம் போய், எல்லாம் திரையில் இருக்கிறது, தாள் எதற்கு என்று கேட்டால் அவர் எப்படி ஒப்புக்கொள்வார்? 1975இல் பேசியவர்களின் கணக்கில் கையெழுத்து வரவே இல்லை.

கையெழுத்து வேறு இடத்துக்கு மாறிய பிறகுதான் காகிதமும் நகர்ந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, மின்னணு ஆவணத்துக்கும் டிஜிட்டல் கையெழுத்துக்கும் சட்ட மதிப்புக் கொடுத்தது. செலாவணி முறிச் சட்டத்தில் 2002இல் செய்த திருத்தம், காசோலையின் படத்தையே காசோலையாக ஏற்றது. அதன் மேல்தான் சிடிஎஸ் என்ற, காசோலைக்குப் பதில் அதன் படத்தை அனுப்பும் முறை வந்தது. 2008 பிப்ரவரியில் புது டெல்லியிலும் 2011 செப்டம்பரில் சென்னையிலும் தொடங்கினார்கள். காசோலையைப் போட்ட வங்கியிலேயே தாள் நின்றுவிடும், டிஜிட்டல் கையெழுத்தோடு அதன் படம் மட்டும் போகும். மற்ற வங்கிகளின் காசோலைகளை அடைத்த கிளியரிங் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிய காலமெல்லாம் அதோடு முடிந்தது. நான் வேலையில் இருந்த காலத்தில் மனதார மகிழ்ந்த மாற்றம் அது. வெளியூர்க் காசோலை கலெக்‌ஷனுக்குப் போய்ப் பணம் வர வாரக்கணக்கில் காத்திருந்த விவசாயிகள், சின்னக் கடைக்காரர்கள் முகமெல்லாம் எனக்குத் தெரியும்.

* * *

பேங்க் சார் சொன்ன கையெழுத்து விஷயத்தை வருவாய்த் துறையில் நானும் பார்த்திருக்கிறேன். வட்டாட்சியர் அலுவலகத்தில் உதவியாளராகத் தொடங்கியவள். தபால் வந்தால் அவரவர் வைத்திருக்கும் தன்பதிவேட்டில் ஏற்றி, குறிப்பு எழுதி, கோப்பை மேலே அனுப்பி, அது கையெழுத்தாகிக் கீழே வரும்வரை காத்திருப்பதுதான் வாழ்க்கை. கோப்பு எங்கே என்று கேட்டால் அதைத் தேடவே ஓர் ஆளை அனுப்ப வேண்டியிருக்கும்.

கோப்பைக் கணினியிலேயே நகர்த்தும் 'மின் அலுவலகம்' மென்பொருள் வந்தபோது மூத்தவர்கள் பலருக்குத் தயக்கம். அதைக் குறைத்தது எது என்று நினைக்கிறீர்கள்? பச்சைத் தாள்! தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய அந்த மென்பொருளில் குறிப்பு எழுதும் இடம் பச்சை நிறத்தில் இருக்கும், எங்கள் பழைய குறிப்புத் தாள் போலவே. எழுதி அனுப்பிவிட்டால் மாற்ற முடியாது. யார் எப்போது எழுதினார், யாரிடம் போனது என்பதும் பதிவாகிவிடும். எங்கள் பிரிவில் ஓய்வு பெற இருந்த கண்காணிப்பாளர் அம்மா ஒருவர் அதைப் பார்த்ததும், "இப்ப சரி, நான் எழுதினதை எவனும் கிழிக்க முடியாது" என்றார். பயிற்சி வகுப்பில் பேசிய யாரும் அவரிடம் அதைச் சொல்லவில்லை. அவராகவே கண்டுகொண்டார்.

ஜெராக்ஸ் 1981இல் 'ஸ்டார்' என்று ஒரு கணினியை விற்றது. அதன் விலை 16,595 டாலர். திரையில் கோப்புறை, தபால் வந்து விழும் தட்டு என்று அலுவலக மேசையையே படமாக வரைந்து வைத்திருந்தார்கள். விலையினால் அது பெரிதாக விற்கவில்லை. ஆனால் பழகிய பொருளின் உருவத்தைக் காட்டினால்தான் ஆட்கள் கை வைப்பார்கள் என்பது அதைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த நாளைய கணிப்புகளில் நான் அதிகம் மதிப்பது இதைத்தான்.

இதில் ஒரு வருத்தமும் எனக்கு உண்டு. வட்டாட்சியரின் டிஜிட்டல் கையெழுத்தோடு சாதிச் சான்றிதழ் கொடுக்கிறோம். கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் உண்மையா பொய்யா என்று தெரிந்துவிடும். அதையும் ஜெராக்ஸ் எடுத்து அட்டெஸ்டேஷன் வாங்கி வரச் சொல்லும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. "சீல் இல்லையேம்மா, பச்சை இங்க்ல ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்க" என்று கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் பிள்ளைகள் வெயிலில் வந்து நிற்பார்கள். அவர்களைத் திரும்ப அனுப்ப எனக்கு மனசே வராது. சட்டம் மாறி இவ்வளவு நாளாகியும் சான்றிதழை வாங்கிப் பார்க்கும் கவுன்ட்டர் மாறவில்லை. கோப்பு தானாக ஓடும் என்று சொன்ன எந்தக் கணிப்பிலும் அந்தக் கவுன்ட்டர் வரவில்லை.

* * *

நான் திருப்பூரில் ஆடை ஏற்றுமதி அலுவலகத்தில் மெர்ச்சன்டைசிங் பார்த்தவன், அதாவது வெளிநாட்டு பையர்களின் ஆர்டர்களைக் கவனித்தவன். அமெரிக்காவில் ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனம் 1993இல் சில டிவி விளம்பரங்கள் போட்டது. கடற்கரையில் உட்கார்ந்தபடியே ஃபேக்ஸ் அனுப்பியிருக்கிறீர்களா, இனி அனுப்புவீர்கள் என்று ஒன்றில் வரும். கையடக்கத் திரை, எங்கிருந்தும் வேலை, இரண்டையும் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். ஃபேக்ஸ் போய்விடும் என்று மட்டும் தோன்றவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அப்போது எங்களுக்கும் ஃபேக்ஸ் இல்லாமல் ஓர் ஆர்டரை நினைத்துப் பார்க்க முடியாது. ராத்திரி ஐரோப்பாவிலிருந்து அளவு அட்டவணை வரும். தெர்மல் தாள் நாளாக நாளாக வெளிறிவிடும் என்பதால் காலையில் முதல் வேலையே அதை ஜெராக்ஸ் எடுப்பதுதான். பையர் கையெழுத்துப் போட்ட தாள் அது. ஒரு சென்டிமீட்டர் தகராறு வந்தால் அதைத்தான் எடுத்துக் காட்டுவோம். ஆக, பேங்க் சார் சொன்ன அதே காரணம்தான்.

* * *

நான் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். 2020இலிருந்து தென்காசிப் பக்கம் சொந்த ஊரில் இருந்தே வேலை. அதனால் வீடியோ போன் கணிப்புகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

1964இல் பிபிசி தொலைக்காட்சியில் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், இன்னும் 50 வருடத்தில் ஒருவர் லண்டனில் இருந்து செய்யும் தொழிலை தஹீதியிலோ பாலியிலோ இருந்தும் செய்ய முடியும் என்றார். அவரே 1956இலிருந்து இலங்கையில் வாழ்ந்துகொண்டு உலகத்துக்கு எழுதியவர். தன் வாழ்க்கையையே மனதில் வைத்துச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றும். அதே 1964இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஏடி அண்ட் டி நிறுவனம் பிக்சர்ஃபோன் என்ற வீடியோ போனைக் காட்டியது. 1970இல் பிட்ஸ்பர்க் நகரில் மாதம் 160 டாலர் கட்டணத்தில் சேவையையும் தொடங்கினார்கள். வாங்க ஆளில்லை. விலை ஒரு காரணம். யாரைக் கூப்பிட வேண்டுமோ அவரிடமும் அந்தக் கருவி இருக்க வேண்டுமே, அது இன்னொரு காரணம்.

என் அனுபவத்தில் மூன்றாவது ஒரு காரணமும் உண்டு. அலுவலகத்தில் முகம் பார்க்க வேண்டிய தேவை அவர்கள் நினைத்த அளவுக்கு இல்லை. எங்கள் அணிக் கூட்டங்களில் பெரும்பாலானவர்கள் கேமராவை அணைத்துத்தான் வைப்போம். ஆனால் யாராவது ஒருவர் திரையைப் பகிராமல் கூட்டம் நடப்பதே இல்லை. எல்லோர் கண்ணும் ஒரே கோப்பின் மேல் இருக்கும். 1968 டிசம்பரில் கணினி ஆய்வாளர் டக்ளஸ் எங்கல்பார்ட் சான் பிரான்சிஸ்கோ மேடையில் காட்டியது இதைத்தான். சுமார் 48 கிலோமீட்டர் தள்ளி மென்லோ பார்க்கில் இருந்த சக ஊழியரோடு ஒரே ஆவணத்தில் வேலை செய்தார். அந்த ஊழியரின் முகம் திரையின் ஓரத்தில் சின்னதாக இருந்தது, ஆவணம்தான் பெரிதாக இருந்தது. பிக்சர்ஃபோனுக்கு அவ்வளவு பணத்தைக் கொட்டியவர்கள் இந்த ஒரு காட்சியை ஊன்றிக் கவனித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

கையெழுத்துக் கதைக்கு என் பங்குக்கு ஒன்று. இப்போதைய வேலைக்கான நியமனக் கடிதத்தில் போனிலேயே கையெழுத்துப் போட்டேன். அப்பா நம்பவில்லை. அவருக்காக பக்கத்து ஊர் பிரவுசிங் சென்டரில் ஒரு பிரின்ட் எடுத்து வந்து கொடுத்தேன். பத்திரத்தோடு சேர்த்து பீரோவில் வைத்திருக்கிறார்.