புதுப்பிப்பு: வெளிச்சம் குறையாத லப்டொப் சரிவந்துவிட்டது

லினக்ஸ் போட்ட என் பழைய லப்டொப்பில் வெளிச்ச விசையை அழுத்தினால் பட்டை மட்டும் ஏறி இறங்குகிறது, திரை அப்படியே இருக்கிறது என்று போன கிழமை கேட்டிருந்தேன். உதவிய எல்லாருக்கும் நன்றி.

சரிவந்தது வெள்ளவத்தை அண்ணா சொன்ன வழி. சிஸ், கிளாஸ், பேக்லைட் என்று கோப்புறைகளுக்குள்ளே போனால், பயோஸ் வழியாக வெளிச்சத்தை மாற்றும் ஏசிபிஐ_வீடியோ0 மட்டும்தான் இருந்தது; அதில் எந்த எண்ணை எழுதினாலும் பலனில்லை. கிரப் (லினக்ஸைத் தொடக்கிவைக்கும் நிரல்) கோப்பில், கேர்னலுக்கு (லினக்ஸின் மையப்பகுதி) கட்டளை கொடுக்கும் வரியில் 'ஏசிபிஐ_பேக்லைட்=நேட்டிவ்' சேர்த்து, அப்டேட்-கிரப் ஓட்டி, ரீஸ்டார்ட் செய்தேன். இப்போது அங்கே இன்டெல் கிராபிக்ஸின் சொந்த வெளிச்சக் கட்டுப்பாடான இன்டெல்_பேக்லைட் இருக்கிறது. மேக்ஸ்_பிரைட்னஸ், அதாவது உச்ச வெளிச்சம், 937. பிரைட்னஸ் கோப்பில் 300 எழுதியதும் திரையின் வெளிச்சம் அடங்கியது.

அந்தக் கோப்பில் எண்ணை எழுத, சூடோ (நிர்வாகி அதிகாரம் தரும் கட்டளை) எக்கோ (கொடுத்ததை அப்படியே வெளியிடும் கட்டளை) போட்டு அம்புக்குறியால் (>) எழுதப் போனால் அனுமதி இல்லை என்றுதான் வரும். சூடோவின் அதிகாரம் அம்புக்குறி வரை போகாது. எக்கோ வெளியிடுவதைக் குழாய்க்குறி (|) போட்டு, கோப்பில் எழுதித்தரும் 'சூடோ டீ'க்கு அனுப்புங்கள்.

எதிர்பாராதது ஒன்று. ஆசைக்கு 0 எழுதினேன், திரை முழுக்கக் கறுத்துவிட்டது! இரவு பதினொரு மணிக்குக் கைபேசி டோர்ச்சைத் திரையில் சரித்துப் பிடித்து, மங்கலாகத் தெரிந்த எழுத்தைப் பார்த்துத்தான் மீட்டேன்.

அப்புறம், வெளிச்ச அளவை நினைவில் வைக்கத் தனி ஸ்கிரிப்ட் தேவையில்லை. அணைக்கும்போது, லினக்ஸின் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி அந்த மதிப்பைச் சேமித்து, அடுத்த முறை அதையே போடுகிறது.